பெரிய பூங்கொத்து

மேடையில் பேசிக்கொண்டிருப்பவரை இறக்குவதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பூங்கொத்து.

பேச்சு முடிகிற வழியாக இல்லை, கூட்டம் நெளிகிறது, அல்லது அடுத்த ஆள் வாசலில் வந்து நிற்கிறார் என்றால், ஒரு பெண் சிரித்த முகத்துடன் மேடையேறிப் பூங்கொத்தை நீட்டுவாள். இரண்டு கையாலும் வாங்கவேண்டிய கனத்தில் அது இருக்கும். இரண்டு கையும் பூவைப் பிடித்துக்கொண்ட பிறகு மைக்கைப் பிடிக்கக் கை ஏது? கூட்டம் கை தட்டும். பேசியவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவார். யார் மனமும் நோகாது என்பது முதலாளியின் கட்சி.

கடைத்திறப்பு, கல்லூரி விழா, திருமண வரவேற்பு என்று எங்கே ஒரு பிரபலமான முகம் தேவைப்பட்டாலும் அதைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர்கள் தொழில். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஆய்வகம் எதிலாவது இடம் கிடைக்கும்வரை என்று அவள் அங்கே சேர்ந்தாள். சேர்ந்த அன்றே முதலாளி அவளுக்கு ‘கெமிஸ்ட்ரி’ என்று பெயர் வைத்துவிட்டார். விருந்தினரைக் கார்க் கதவிலிருந்து மேடைவரை கொண்டுசேர்ப்பது அவள் பொறுப்பு. எந்தப் படி உயரம், எங்கே தரை வழுக்கும், எந்த விளக்கு கண்ணில் அடிக்கும் என்று முன்கூட்டியே தான் நடந்து பார்த்து வைத்துக்கொள்வாள். அதிகம் பேசமாட்டாள். சேர்ந்து நின்று படம் எடுக்கக் கேட்கமாட்டாள். அதனாலேயே பிரபலங்களுக்கு அவளைப் பிடித்திருந்தது. வீட்டில் மாமா அவளை ‘ஊமைக்கோட்டான்’ என்பார். அந்த ஊமைத்தனத்துக்கு ஒரு சம்பளம் கிடைக்கும் என்று யார் கண்டது?

தொழிலில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நட்சத்திரங்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சில சமயம் வருவதே இல்லை. அதனால் ஒவ்வொரு விழாவுக்கும் இரண்டு பேரைப் பேசிவைப்பார்கள். முதல் ஆளுக்கு அலுவலகத்தில் ‘பெரிய வண்டி’ என்று பெயர். இரண்டாவது ஆள் ‘ஸ்டெப்னி’. சக்கரம் பஞ்சரானால் மாட்டிக்கொள்ள டிக்கியில் ஒன்று கிடக்குமே, அது. பெரிய வண்டி ஒழுங்காக வந்துவிட்டால், ஸ்டெப்னியிடம் நிகழ்ச்சியைச் சுருக்கிவிட்டார்கள் என்று வருத்தம் சொல்லி, ஒரு சின்னப் பூங்கொத்தைக் கையில் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். விளம்பரத் தட்டியில் யார் படமும் இருக்காது. ஒரு கறுப்பு நிழல் உருவமும் கேள்விக்குறியும் மட்டும். நிழலுக்கு யாரை வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம் அல்லவா. தான் ஸ்டெப்னி என்பது ஸ்டெப்னிக்கு மட்டும் தெரியக்கூடாது.

நான்கு தளத்தில் ஒரு கட்டில், மெத்தை, நாற்காலிக் கடை திறக்கவிருந்தது. பெரிய வண்டியாக ஒரு கதாநாயகன் ஒப்புக்கொண்டிருந்தான். ஸ்டெப்னிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒருமுறை பின்வாசலைப் பார்த்தவர்கள். மறுபடி கூப்பிட்டால் சந்தேகப்படுவார்கள்.

“யாராவது சொல்லுங்கப்பா. நாலு பேருக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும். அதுக்காக என் முகத்தையா வெக்க முடியும்?” என்றார் முதலாளி.

கூட்டங்களில் வாயே திறக்காதவள் அன்று திறந்தாள். பழைய செய்தி வாசிப்பாளர் ஒருவரைச் சொன்னாள்.

“அந்தம்மா இருக்காங்களா இன்னும்?” என்றார் முதலாளி.

“இருக்காங்க சார். இதே ஊர்லதான்.”

“பலே. கெமிஸ்ட்ரி பேசிட்டா. நீயே போன் பண்ணிக் கூப்பிடு.”

அவள் அந்தப் பெயரைச் சொன்னதற்குக் காரணம் அவள் அம்மா. ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில் அந்தம்மா செய்தி வாசிக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. உலகத்தில் எந்த மூலையில் பூகம்பம் வந்தாலும் அந்தம்மா வாயால் கேட்டால்தான் அம்மாவுக்கு வந்த மாதிரி. கழுத்தை லேசாகச் சாய்த்து ‘வணக்கம்’ என்று அவர் சொல்லும்போது அம்மா அடுக்களையிலிருந்து பதில் வணக்கம் சொல்வாள். “அக்கா, அவங்களுக்கு நீ சொல்றது கேக்காது” என்று மாமா கிண்டல் செய்வார். “கேக்காட்டி என்ன, மரியாதைனு ஒண்ணு இருக்கில்ல” என்பாள் அம்மா. அவரை அம்மாவுக்கு நேரில் காட்டவேண்டும், முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில், என்னவாகக் கூப்பிடுகிறோம் என்பதை அவள் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டாள்.

யாருக்குப் போன் செய்தாலும் பேசவேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு செய்கிறவள் அவள். அன்று எழுதாமலே பேச்சு வந்தது.

“என்னை இப்ப யாருக்கும்மா ஞாபகம் இருக்கப்போகுது? வேற யாரையாவது பாரு” என்றார் செய்தியம்மா.

“எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு மேடம். எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க.”

“தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. குரல் முன்ன மாதிரி இல்ல.”

“அப்படியேதான் இருக்கு மேடம். இப்ப கேக்கறேனே.”

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அன்னிக்கு வேற யாராவது வராங்களா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். நீங்க மட்டும்தான். உங்களுக்காகத்தான் மேடையே.”

ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. இத்தனை சரளமாக அவளுக்குப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. வாய் கூசியிருக்கவேண்டும். கூசவில்லை.

கடைத்திறப்பு அன்று காலை செய்தியம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நீலப் புடவை. கையில் மடித்த தாள்கள். வாசலில் இருந்த தட்டியை அண்ணாந்து பார்த்தார். கறுப்பு நிழல், கேள்விக்குறி.

“இது நானாம்மா? தோள் கொஞ்சம் அகலமா இருக்கே.”

“டிசைன் பண்றவங்க அப்படித்தான் மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறக்க முந்தினாள்.

விருந்தினர் அறை என்று தனியாக ஒன்றும் இல்லை. இரண்டாம் தளத்தில் விற்பனைக்காக அமைத்திருந்த மாதிரிப் படுக்கையறையில் அவரை உட்காரவைத்தாள். விலைச்சீட்டு தொங்கும் கட்டில், எரியாத விளக்கு, உள்ளே தாளே இல்லாத அட்டைப் புத்தகங்கள். சுவரில் ஒரு ஜன்னல். திரையை விலக்கினால் பின்னால் செங்கல்தான். செய்தியம்மா திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. நாங்க செய்தி வாசிக்கறப்போ பின்னாடி ஊரே தெரியும். அதுவும் துணிதான்.”

தாள்களைப் பிரித்து உதட்டசைவில் படித்துப் பார்த்துக்கொண்டார். நடுநடுவே தண்ணீரை ஒரு வாய் குடித்துத் தொண்டையைத் தடவிக்கொண்டார். “உக்காரும்மா, கால் வலிக்கும்” என்றார். அவள் உட்காரவில்லை. எதிரே கடையின் முகப்புக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் கைப்பை மடியில்.

கதாநாயகன் வரவேண்டிய நேரம் வந்து போனது. கீழே கூட்டம் விசிலடிக்கத் தொடங்கியது. அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. முதலாளியின் குரல். ஒலியைக் குறைத்து வைக்க மறந்திருந்தாள்.

“கெமிஸ்ட்ரி, கேக்குதா? பெரிய வண்டி ஹோட்டலை விட்டே கிளம்பல. கூட்டம் கத்துது. ஸ்டெப்னிய மாட்டிடு.”

அந்தச் சின்ன அறையில் அது தெள்ளத்தெளிவாகக் கேட்டது. அவள் அவசரமாக ஒலியைக் குறைத்தாள். செய்தியம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு வரியில் விரல் வைத்திருந்தார். விரல் அந்த வரியிலேயே நின்றது.

“வண்டி ஏதாவது பிரச்சினையாம்மா?”

“ஒண்ணும் இல்ல மேடம். நீங்க மேடைக்கு வரலாம்.”

அவர் எழுந்து புடவை மடிப்பைச் சரிசெய்தார். அவருக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ சாவுச் செய்திகளைக் கண் கலங்காமல் வாசித்த முகம் அது.

மேடையேறிய ஒரு நிமிடம் கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். பின்வரிசையில் ஒருவன், “யாருடா இது, ஓனரோட அத்தையா?” என்று உரக்கக் கேட்டான். சிரிப்பு எழுந்தது. செய்தியம்மா மைக்கை வாங்கி, கழுத்தை லேசாகச் சாய்த்து, “வணக்கம். செய்திகள்” என்றார்.

குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. ஆனால் கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. வயதானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் தோளைத் தட்டி, இவர்தான், இவர்தான் என்று காதில் சொன்னாள்.

நாற்காலிக் கடைக்கு நாற்காலிக் கதையையே எழுதிக்கொண்டு வந்திருந்தார். செய்தி அறையில் அவருக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மாற்றித்தாருங்கள் என்று கேட்டால், “இடுப்புக்குக் கீழ யாருக்கும்மா தெரியப்போகுது” என்பார்களாம். அதனால் உடம்பின் பாரத்தை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு வாசிப்பாராம். “நீங்கள் எல்லோரும் என் அழகு என்று நினைத்தீர்களே, கழுத்தைச் சாய்த்துச் சொல்லும் வணக்கம், அது அந்த நாற்காலி விழாமல் இருக்கச் சாய்ந்தது” என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவள் மேடை ஓரத்திலிருந்து பார்த்தாள். இப்படியே முடிந்துவிட்டால் சொன்ன பொய்கூட உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை அவளுக்கு வந்தது.

“ஒருநாள் நாட்டுத் தலைவர் இறந்த செய்தி. நேரலை. நான் முதல் வரியைத் தொடங்குகிறேன், அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம்...”

வாக்கிடாக்கி அவள் இடுப்பில் அதிர்ந்தது. “கெமிஸ்ட்ரி, பெரிய வண்டி வாசலுக்கு வந்துடுச்சு. அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடணுமாம். பூவைக் குடுத்து இறக்கு.”

“சார், ஒரு நிமிஷம். கதைல பாதி—”

“கதை கேக்கவா வந்தே? இறக்கு.”

மேடை ஓரத்து மேசையில் இரண்டு பூங்கொத்துகள் இருந்தன. பெரியது கதாநாயகனுக்கு: வெள்ளை லில்லி, பட்டு நாடா. சின்னது ஸ்டெப்னிக்கு: கண்ணாடித்தாளில் சுற்றியது, ஓரத்தில் ஒரு பூ ஏற்கெனவே தலை தொங்கியிருந்தது. அவள் கை சின்னதின்மேல் போனது. அதை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் மேடையேற முடியாது என்று தோன்றியது. பெரியதைத் தூக்கிக்கொண்டாள். துணிச்சல் ஒன்றும் இல்லை. அந்தத் தொங்கும் பூவைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மேடையின் பாதிவரை அவள் வந்ததும் செய்தியம்மா கண்ணோரத்தில் பார்த்துவிட்டார். பேச்சு தடுமாறவில்லை. ஒரு கையை லேசாக உயர்த்தி அவளைக் காத்திருக்கச் செய்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. அடுத்த அறிக்கை பிறகு. வணக்கம்” என்றார். கழுத்து சாய்ந்தது.

கூட்டத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கை தட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. பலமாக, விடாமல். அம்மா. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் தட்டினார்கள். கதையைப் பாதியில் நிறுத்தியதே ஒரு நகைச்சுவை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

செய்தியம்மா மைக்கைத் தாழ்த்திவிட்டு இரண்டு கையாலும் பூங்கொத்தை வாங்கினார். சிரிப்பு மாறாமல், உதடு அதிகம் அசையாமல் கேட்டார்.

“பெரிய வண்டி வந்துடுச்சா?”

அவள், “ஆமா மேடம்” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பூங்கொத்து கொடுக்கும்போது சிரிக்கவேண்டும் என்பது விதி.

பிறகு கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றாமல் கையசைத்தான். சின்னப் பூங்கொத்தை வாங்கி, என்னவென்றுகூடப் பார்க்காமல் கூட்டத்துக்குள் வீசினான். அதற்கும் ஒரு கூச்சல்.

செய்தியம்மா வந்த காரை, கதாநாயகனோடு வந்தவர்கள் உட்கார எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரக்கு இறக்கும் பின்வாசலில், மெத்தை சுற்றிய பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே, பெரிய பூங்கொத்தை அணைத்தபடி அவர் வாடகைக் காருக்காக நின்றார். அவள் பக்கத்தில் நின்றாள். கார் வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

அம்மா மூச்சிரைக்க அங்கேயே வந்துவிட்டாள். “ஐயோ, நான் உங்களை எங்கெல்லாம் தேடறது” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இது என் பொண்ணுங்க. இவதான் உங்களுக்குப் பூ குடுத்தா.”

“உங்க பொண்ணா?” என்றார் செய்தியம்மா. அவளை ஒருமுறை பார்த்தார். “நல்ல சுறுசுறுப்பு. எந்தப் படி உயரம்னு முன்னாடியே சொல்லிடறா.”

“வீட்ல வாயே திறக்க மாட்டா.”

“போன்ல நல்லாப் பேசினாளே” என்றார் செய்தியம்மா.

கார் வந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டாள். தலை இடிக்காமல் இருக்க மேலே கையை வைத்தாள். பழக்கம்.

மறுநாள் அலுவலகத்தில் பூங்கொத்து விஷயம் பெரிதாகிவிட்டது. கதாநாயகன் கவனிக்காததை அவன் மேலாளர் கவனித்திருந்தான். “தலைவருக்குக் கீரைக்கட்டு மாதிரி ஒண்ணக் குடுத்திருக்கீங்க” என்று போனில் கத்தினானாம்.

“எப்படி மாறுச்சு?” என்று முதலாளி கேட்டார்.

வேண்டுமென்றேதான் எடுத்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “அவசரத்துல மாறிப்போச்சு சார்” என்றாள்.

“கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. ஆசிட் எது தண்ணி எதுன்னு தெரியும். பெரிசு எது சின்னது எதுன்னு தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு, தலையில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி, போகமாட்டேன் என்றது. செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தையும் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய தண்டனை காத்திருந்தது. அம்மா போனில் எடுக்கும் படங்களில் பாதிக்குமேல் அம்மாவின் விரல்தான் இருக்கும். கடைத்திறப்பு அன்று பார்த்து ஒரு படம் கச்சிதமாக அமைந்துவிட்டது. மேடை, வெள்ளை லில்லி, ஒரு பக்கம் செய்தியம்மா, மறுபக்கம் அவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். செய்தியம்மாவின் உதடு லேசாகத் திறந்திருந்தது. ‘பெரிய வண்டி’ என்பதில் எந்த எழுத்தோ. அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள்.

மாமா வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “அடேயப்பா, ஊமைக்கோட்டான் மேடை ஏறிடுச்சே. அவங்க என்ன சொல்றாங்க உன்கிட்ட? வாய் திறந்திருக்கே.”

“நன்றின்னு சொல்லியிருப்பாங்க. வேற என்ன சொல்வாங்க” என்றாள் அம்மா.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். வீட்டில் யார் வந்தாலும் அம்மா முதலில் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கீழ் வீட்டுக்காரி, எரிவாயு உருளை கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை. செய்தி நேரம் வந்தால் அவளால் ஹாலில் உட்கார முடியவில்லை. தன் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இன்னொரு பிரதியைச் சட்டம் போட்டு வாங்கிவந்தாள். பளபளவென்று தாள் சுற்றியிருந்தது.

“இது அவங்களுக்கு. உனக்கு வீடு தெரியுமில்ல, கொண்டுபோய்க் குடுத்துட்டு வா.”

“வேணாம்மா.”

“ஏன் வேணாம்? சந்தோஷப்படுவாங்கடீ. மேடையில மரியாதை பண்ண படம்.”

“அது மரியாதை இல்லம்மா.” அவள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பூ குடுத்தா பேசினது போதும், இறங்குன்னு அர்த்தம். அவங்களுக்காக மேடைன்னு நான்தான் பொய் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த நடிகன் வரலைனா உபயோகப்படட்டும்னு வெச்சிருந்தோம். வந்துட்டான், இறக்கிட்டோம். அவங்களுக்கும் தெரியும்.”

அம்மா அடுப்பை அணைத்தாள். அணைத்த அடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எல்லாரும் சும்மாதானே உக்காந்திருந்தாங்க” என்றாள். “முதல்ல கை தட்டினது நான்தானே.”

“உனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாமத்தான் தட்டினேன். அதான் அவ்வளவு பலமாத் தட்டினேன்.”

திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அம்மா ஹாலுக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். பீரோவுக்குப் பின்னால் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு தலை சீவிக்கொண்டு வந்து, “கிளம்பு” என்றாள்.

செய்தியம்மாவின் வீடு லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்தது. சங்கிலி மாட்டிய கதவு ஒருகணம் இடுக்காகத் திறந்து, மூடி, முழுதாகத் திறந்தது. சாயம் பூசாத முடி. மேடையில் பார்த்ததைவிட உருவம் சின்னது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தார்.

“பூ ரொம்ப நாள் வாடாம இருந்துச்சும்மா” என்றார் அம்மாவிடம். “உக்காருங்க. டீ போடறேன்.”

“டீ வேணாங்க. இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் அம்மா.

வரும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் எழுதிவைத்திருந்தாள். இப்போது முதல் வரியே மறந்துபோனது. “மேடம், நான் போன்ல சொன்னது...” என்று தொடங்கினாள்.

“ஸ்டெப்னின்னா நான்தானே?”

“ஆமா மேடம்.”

“நானும் கார் வெச்சிருந்தவதாம்மா. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “போன்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா மேடம்?”

செய்தியம்மா நிஜமாகவே யோசித்தார். “தெரியல. வந்தாலும் வந்திருப்பேன். வீட்ல சும்மாதானே இருக்கேன். இப்ப எப்படித் தெரியும்?”

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சை எங்காவது நகர்த்தவேண்டும் என்றோ, பிராயச்சித்தம் என்றோ நினைத்திருக்கவேண்டும். சின்னப் பெண் மாதிரிக் கேட்டாள்:

“அந்த நாற்காலிக் கதை பாதியில நின்னுபோச்சே. கால் உடைஞ்சப்போ என்ன ஆச்சு? எங்களுக்கு மட்டும் சொல்லுங்களேன்.”

செய்தியம்மா சிரித்தார். அதே சிரிப்பு. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. இங்கே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நான்கு காலும் சரியாகத்தான் இருந்தன.

“அது மேடைக்கு எழுதினதும்மா” என்றார்.

பிறகு டீ போட்டார். மூன்று பேரும் குடித்தார்கள். விலைவாசியைப் பற்றி அம்மா ஏதோ சொன்னாள், அவர் ஏதோ சொன்னார். கிளம்பும்போது கதவு வரை வந்து, “இந்தக் கடைசிப் படி கொஞ்சம் உயரம், பாத்து இறங்குங்க” என்றார். அவளிடம் சொன்னாரா அம்மாவிடம் சொன்னாரா தெரியவில்லை. அவர்கள் கீழே போய்ச் சேரும்வரை மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. படியிறங்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வழக்கமாகப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்து வந்தது ஒரு கல்லூரி ஆண்டுவிழா. பெரிய வண்டியாக ஒரு பாடகன். ஸ்டெப்னிக்கு ஒரு பழைய நகைச்சுவை நடிகரை முதலாளியே தேர்ந்தெடுத்தார். “கெமிஸ்ட்ரி, நீ பேசு. போன்ல நீ கில்லாடி” என்று எண்ணைக் கொடுத்தார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். இந்தமுறையும் தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் அழகாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது. தன் பெயரைச் சொல்லவே இரண்டு தடவை திக்கினாள்.

“சார், உண்மையைச் சொல்லிடறேன். நீங்க இரண்டாவது ஆள். அவர் வரலைனாதான் உங்களுக்கு மேடை. வந்துட்டார்னா நீங்க ஏறாமலே திரும்ப வேண்டி இருக்கும். நீங்க வேணாம்னு சொன்னா நான் வேற யாரையாவது பாக்கறேன்.”

திட்டப்போகிறார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

“முதல் ஆள் யாரு?” என்று கேட்டார் நடிகர்.

சொன்னாள்.

“அவனா? அவன் கரெக்டா வந்து நின்னுடுவானே.” ஒரு செருமல். “சரி. உக்கார வெக்கிற ரூம்ல டிவி இருக்குமா?”

“வெச்சுடறேன் சார்.”

“கார் அனுப்புவீங்கல்ல? திரும்பி வரதுக்கும்?”

“ரெண்டுக்கும் சார். நானே கூட வந்து விட்டுடறேன்.”

“அப்போ வரேன்.” கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் குரல் தாழ்ந்தது. “ஒண்ணு மட்டும் பாத்துக்கோம்மா. வீட்ல என் பையனும் மருமகளும் இருக்காங்க. அவங்ககிட்ட நான்தான் முக்கிய விருந்தாளின்னு சொல்லிக்கப்போறேன். கூப்பிட வரப்போ நீ ஏதும் வாய் விட்டுடாத.”

கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது சுவரை ஒட்டி நின்றது.

“சொல்ல மாட்டேன் சார்” என்றாள்.